தெரியாத மரமும் தெரியாது என்னும் சொல்லும்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் செல்லும் வழியில், முன்னாளில் கித்தாத் தோட்டங்களாக இருந்த நிலங்களில் இன்று தாமான்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கின்றன. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் கடைகள் இருக்கின்றன. லயம் இருந்த இடத்தில் ஒரே அச்சில் வார்த்தவை போன்ற வீடுகள் இருக்கின்றன. பால்மரங்கள் போய்விட்டன; ஆனால் மரம் என்பது முற்றிலும் போய்விடுவதில்லை. மனிதன் வெட்டிய இடத்துக்கு அருகிலேயே பறவையும் வௌவாலும் வேறொன்றை விதைத்துவிடுகின்றன. அத்தகைய தாமான் ஒன்றின் வடிகால் ஓரத்தில், எவரும் நடாமல், எவரும் நீர் ஊற்றாமல், ஒரு மரம் வளர்ந்து குடைபோல் கிளை விரித்து நின்றது. அதன் கிளைகளின் அடியில், விரல் நுனி அளவில் சிவந்த கனிகள் தொங்கின.

பள்ளி விடுமுறைக்காகக் கோலாலம்பூரிலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்திருந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அம்மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். எட்டிய கிளையை வளைத்து ஒரு கனியைப் பறித்தான். வீட்டு வாசலில் நின்றிருந்த அவன் தந்தை, “தொடாதே! அது நஞ்சு!” என்று உரக்கக் கூவினார். சிறுவன் திடுக்கிட்டுக் கனியைக் கீழே போட்டுவிட்டான். அந்தக் குரல் கேட்டு வெளியே வந்த பாட்டி, செய்தி இன்னதென்று அறியாதவராய், மரத்தடிக்குச் சென்று இரண்டு கனிகளைப் பறித்தார். சேலைத் தலைப்பில் துடைத்தார். ஒன்றைத் தம் வாயில் போட்டுக்கொண்டு மற்றதைப் பேரனிடம் நீட்டினார்.

“அப்பா இதை நஞ்சு என்று சொன்னாரே, பாட்டி?”

“நஞ்சா? இது செரிப்பழம் ஐயா. எங்கள் லயத்துக்குப் பின்னால் இப்படி ஒரு மரம் நின்றது. பால் எடுத்துவிட்டு வரும்போது நாங்கள் எல்லாரும் பறித்துத் தின்போம்.”

சிறுவன் தந்தையைப் பார்த்தான். பிறகு தெருவின் மறு ஓரத்தில் நின்ற வேறொரு மரத்தைப் பார்த்தான். சிறிய மாங்காய் போன்ற பச்சைக் காய்கள் அதில் தொங்கின. அதனையும் முதல் நாள் தந்தை இதே குரலில் நஞ்சு என்று சொல்லியிருந்தார். “அப்படியானால் அதுவும் நஞ்சு இல்லைதானே?” என்று கேட்டான்.

சிறுவனின் இக்கேள்வி சிறியதன்று. மறு ஓரத்தில் நின்றது பொங் பொங் மரம். கேரளக் கடற்கரையில் ஒதளம் என்று வழங்குவதும் அதுவே. நிழலுக்காகவும் வெண்மலர் அழகுக்காகவும் இந்நாட்டுச் சாலை ஓரங்களில் அதனை நட்டிருக்கிறார்கள். அதன் காய்க்குள் இருக்கும் பருப்பு இதயத்தின் துடிப்பையே நிறுத்தவல்ல கொடிய நஞ்சு. இரண்டு மரங்களையும் பற்றித் தந்தை சொன்னது ஒரே சொல். ஒன்றில் அது பொய்யாயிற்று, மற்றொன்றில் உண்மையாயிற்று. ஆனால் இரண்டில் எதனையும் அவர் அறிந்து சொல்லவில்லை. அறியாமல் சொன்ன சொல் தற்செயலாக உண்மையாகிவிட்டால் அஃது அறிவாகுமா? அன்பினால் சொன்ன பொய் பொய்யாகாமல் போகுமா? ஒரு வடிகால் ஓர மரம் எழுப்பும் வினாக்கள் இவை.

முதலில் அந்த மரம் எது என்பதைக் காண்போர் எவ்வாறு காண்கின்றனர் என்று பார்த்தல் தகும். கனியை மட்டும் பார்த்து மரத்தை அறிய முயல்வது பெருந்தவறு. சிறிய சிவந்த உருண்டைக் கனிகள் உலகில் எத்தனையோ உண்டு. செரி மரத்தின் இலை நீண்டு, ஓரம் பல்போல் வெட்டுண்டு, அடிப்பகுதியில் ஒரு பக்கம் ஏறியும் மறு பக்கம் இறங்கியும் இருக்கும். தொட்டால் மென்மயிர் படர்ந்து சற்றே பிசுபிசுக்கும். பூ வெண்மையானது, ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள் பல. கிளைகள் கிடையாகப் பரவ, இலைகள் இரு வரிசையாக அமைந்திருக்கும். கனியைப் பிளந்தால் கூழ்போன்ற சதையில் எண்ணற்ற நுண்விதைகள் காணப்படும். சுவை சர்க்கரைப் பாகை ஒக்கும். இத்தனை அடையாளங்களும் ஒருங்கே பொருந்தினால்தான் ஐயம் நீங்கும். பாட்டி இவற்றை எண்ணிப் பார்க்கவில்லை என்று தோன்றலாம். ஆனால் பறிக்கும் முன் அவர் கை இலையைத் தொட்டது. கண் பூவைக் கண்டது. எழுத்தில் இல்லாத அறிவும் அறிவே.

இனி, பெயரைப் பார்ப்போம். மலாய்க்காரர் இதனைச் செரி என்றும் கெருக்குப் சியாம் என்றும் அழைக்கின்றனர். தமிழ்நாட்டில் தேன்பழம் என்பர்; இலங்கையில் ஜாம் பழம் என்பர். ஆங்கிலத்தில் ஜமைக்கா செரி, சிங்கப்பூர் செரி, பனாமா பெரி எனப் பல பெயர்கள் உள்ளன. ஒவ்வொரு நாட்டாரும் இதனை இன்னொரு நாட்டின் பெயரால் அழைத்திருக்கின்றனர். சியாம் என்னும் பெயரைத் தாங்கினாலும் இது சியாமில் தோன்றியதன்று. செரி என்னும் பெயரைத் தாங்கினாலும் குளிர்நாட்டுச் செரிக்கு உறவானதன்று. அந்தச் செரி ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதுவோ வெப்பமண்டல அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்டது. 1753-இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு முண்டிங்கியா கலாபுரா என்று பெயரிட்டார். முண்டிங் என்பவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டச்சுத் தாவரவியலாளர். பெயர் சூட்டிய பிறகும் இம்மரம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. பல குடும்பங்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தனர். இறுதியில் 1998-இல் முண்டிங்கியேசியே என்னும் தனிக் குடும்பமே வகுக்கப்பட்டது. பெயரிட்டு 245 ஆண்டுகள் கழித்தும் அறிவுலகம், “முன்பு சொன்னது சரியில்லை” என்று சொல்லக் கூசவில்லை. இந்தப் பண்பு வீட்டுத் தலைவருக்கு மட்டும் ஏன் இழிவாகத் தோன்ற வேண்டும்?

பெயரை அறிவது பொருளை அறிவதாகாது. ஆயினும் பெயர் வீணன்று. பெயர் ஒரு கதவு. அதனைத் தட்டினால்தான் பிறர் அறிந்தவை அனைத்தும் வெளியே வரும். பெயரற்ற மரத்தைப் பற்றி எவரிடமும் கேட்க இயலாது. பெயரோடு கேட்டால் மணிலாவில் இருப்பவரும் மதுரையில் இருப்பவரும் விடை சொல்வர். ஆகவே, பெயரைத் தேடுவது அறிவின் முடிவன்று. அறிவு வேண்டும் என்ற பணிவின் தொடக்கம்.

தந்தையின் பக்கமும் நியாயம் உண்டு. குழந்தையின் உயிர் ஆபத்தில் இருக்கலாம் என்று ஐயுறும் நேரத்தில், தாவரவியல் பேச எவருக்கு நேரம் இருக்கிறது? பொய்யே ஆயினும் அச்சம் குழந்தையைக் காக்குமானால் அதில் குற்றம் என்ன? திருக்குறளின் வாய்மை அதிகாரத்தைத் துணைக்கு அழைப்போரும் உண்டு. நன்மை விளைக்கும் பொய்க்கு வள்ளுவரே இடம் தந்திருக்கிறார் என்பர். ஆனால் வள்ளுவர் அவ்விடத்தை ஒரு நிபந்தனையோடுதான் தந்தார். விளையும் நன்மை குற்றம் சிறிதும் கலவாததாக இருத்தல் வேண்டும். தந்தை சொன்ன பொய்யால் விளைந்தது அத்தகைய நன்மையா? அன்று ஒரு கனியை உண்ணாமல் சிறுவனைத் தடுத்தது அச்சொல். அடுத்த நொடியில் பாட்டியின் கையால் அஃது உடைந்தது. உடைந்தபோது அது மட்டும் உடையவில்லை. பொங் பொங் மரத்தைப் பற்றிச் சொன்ன சொல்லும் சேர்ந்து உடைந்தது. எச்சரிக்கை என்பது ஒரு நாணயம். போலி நாணயம் ஒன்று கையில் அகப்பட்டால், அதே பையில் இருக்கும் நல்ல நாணயத்தையும் எவரும் வாங்கமாட்டார்.

இவ்வுண்மைக்குப் பேராக் மாநிலத்தின் தலைநகரே சான்று பகர்கிறது. ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். ஈப்போ தொடர்வண்டி நிலையத்தின் எதிரே அம்மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் பாலை எடுத்துக் காய்ச்சி, ஊதுகுழல் அம்பின் நுனியில் தடவி வேட்டையாடுவது ஓராங் அஸ்லி மக்களின் பழங்கலை. அந்தப் பால் குருதியில் கலந்தால் இதயத்தைத் தாக்கும். உபாஸ் என்ற பெயரில் ஐரோப்பாவில் அறியப்பட்ட மரமும் இதுவே. 1783-இல் இலண்டன் இதழ் ஒன்றில் ஃபோர்ஷ் என்பவர் பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஜாவாவில் உள்ள இந்த மரத்தைச் சுற்றிப் பல மைல் தொலைவுக்குப் புல்லும் முளைக்காது, பறவையும் பறக்காது, அருகில் சென்ற மனிதரும் பிழைக்கமாட்டார் என்று அஃது எழுதிற்று. அத்தனையும் கட்டுக்கதை. ஆயினும் ஐரோப்பா நம்பிற்று, கவிஞர்கள் பாடினர். பின்னர் ஜாவாவுக்கே சென்று மரத்தைக் கண்ணால் கண்டு ஆராய்ந்தவர்களால்தான் உண்மை வெளிப்பட்டது. அவர்களுள் ஒருவரான பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோ 1810-இல் அம்மரத்திற்கு அறிவியற்பெயர் அளித்தார். அவரே பிற்காலத்தில் புதுச்சேரியில் பணிபுரிந்தவர்.

நஞ்சு உண்மை, நஞ்சைப் பற்றிய கதை பொய். பொய்க் கதையால் எவரேனும் பயன் அடைந்தனரா? மரத்தைக் கண்டு ஓடக் கற்றவர் எவரும் மரத்தை அறியவில்லை. காட்டில் வாழ்ந்த செமாய், தெமியார் மக்களோ மிகைப்படுத்தாமல் அறிந்திருந்தனர். பால் எங்கே கொல்லும், எங்கே கொல்லாது என்பது அவர்களுக்குத் தெரியும். அம்பு பட்ட விலங்கின் இறைச்சியைச் சமைத்து அச்சமின்றி உண்டனர். இதே மரத்தின் உள்பட்டையை அடித்து மென்மையாக்கி, மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் இலங்கையிலும் பைகள் செய்தனர். மலையாளத்தில் மரவுரி என்னும் பெயரே அதற்கு உண்டு. ஓரிடத்தில் உயிரைப் போக்கும் அம்பு. மற்றோரிடத்தில் தானியம் சுமக்கும் பை. மரம் ஒன்றே. நஞ்சு என்ற ஒரே சொல்லில் அதனை அடக்கியவர் பாதியையும் அறியாதவர்.

பறவை உண்கிறது, ஆகவே மனிதனும் உண்ணலாம் என்று கூறுவாரும் உளர். இஃது எதிர்ப்பக்கத்துத் தவறு. பறவையின் வயிறு வேறு. மனிதனின் வயிறு வேறு. பறவைகள் விழுங்கி விதை பரப்பும் கனிகளுள் மனிதனுக்குக் கேடு செய்வனவும் உண்டு. அதுபோன்றே, “நாங்கள் தின்றோம், ஒன்றும் ஆகவில்லை” என்னும் பாட்டியின் சொல்லும் எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. தின்றது இதே மரம்தானா என்ற கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே அச்சொல்லுக்கு மதிப்பு. தோட்ட மக்கள் இதனை நன்கு உணர்ந்தவர்கள். கித்தாக் கொட்டையைச் சிறுவர்கள் தரையில் தேய்த்துச் சூடேற்றி விளையாடுவர், பச்சையாகத் தின்னமாட்டார்கள். அதில் நஞ்சு உண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி அரிதானபோது மரவள்ளிக் கிழங்கே பலருக்கு உணவாயிற்று. கசப்பு மரவள்ளியைத் தோல் நீக்கி, ஊறவைத்து, நன்கு வேகவைத்து உண்ண வேண்டும் என்பதை அறியாதவர் துன்புற்றனர். எது உணவு, எது நஞ்சு, எது எந்த முறையால் உணவாகும் என்னும் அறிவு அம்மக்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

அவ்வாறாயின் தந்தை என்ன சொல்லியிருக்க வேண்டும்? “தொடாதே” என்பதோடு நிறுத்தியிருக்கலாம். “தொடாதே” என்பது கட்டளை. “அது நஞ்சு” என்பது கூற்று. கட்டளைக்கு மெய்யும் பொய்யும் இல்லை. அன்பும் பொறுப்பும் இருந்தால் போதும். கூற்றுக்கோ அறிவு வேண்டும். அறிவில்லாத இடத்தில் கட்டளையிட்டுக் குழந்தையைக் காக்கலாம். பொய்க்கூற்று தேவையே இல்லை. சிறுவன் ஏன் என்று கேட்டால், “அஃது என்ன மரம் என்று எனக்குத் தெரியாது, தெரியாததை வாயில் வைக்கக் கூடாது, வா, தெரிந்தவரைக் கேட்போம்” என்று சொல்லலாம். மிகச் சிறு குழந்தைக்கு இத்தனையும் விளங்காது என்பது உண்மை. விளங்காத வயதில் முதற்சொல் ஒன்றே போதும். விளங்கும் வயதில் மூன்றும் வேண்டும். தெரியாததைத் தவிர்க்கவும் வேண்டும், தேடவும் வேண்டும் என்னும் இரு பாடங்களை ஒரே மூச்சில் கற்பிப்பது அந்த விடை.

“தெரியாது என்று சொன்னால் பிள்ளை மதிக்குமா?” என்று அஞ்சும் பெற்றோரும் ஆசிரியரும் உண்டு. மதிப்பு இருவகை. எல்லாம் அறிந்தவர் என்பதால் வருவது ஒன்று. சொன்னது மெய் என்பதால் வருவது மற்றொன்று. முதலாவது பிள்ளை வளர வளரத் தேயும். இரண்டாவதோ வளரும். தெரியாது என்று நூறு முறை சொன்னவர், “இது தெரியும்” என்று ஒருமுறை சொல்லும்போது அச்சொல்லுக்கு மலையளவு எடை இருக்கிறது.

ஆனால், தெரியாது என்னும் சொல்லே சோம்பலின் திரையாகவும் ஆகிவிடக் கூடும். நாற்பது ஆண்டுகள் ஒரு மரத்தின் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, அதன் பெயரைக் கேட்டால் தெரியாது என்று தோளைக் குலுக்குவது நேர்மையன்று, அலட்சியம். நேர்மையான அறியாமை, கேட்கப் புறப்படும். கேட்க வேண்டியவர்களோ நாள்தோறும் குறைந்து வருகின்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாற்றப்பட்டும், வீட்டு நிலங்களாக விற்கப்பட்டும் போனபோது மக்கள் நாலா திசைகளிலும் பிரிந்தனர். வாளியும் உளியும் எங்கோ கிடக்கின்றன. அவர்களோடு சென்ற இலை, வேர், கனி பற்றிய அறிவை எவரும் எழுதி வைக்கவில்லை. ஈப்போ என்று நாள்தோறும் நாவில் உச்சரித்துக்கொண்டு, ஈப்போ மரத்தைக் காட்டச் சொன்னால் திகைப்பவர் எத்தனை பேர்!

அறியாத மரத்தின்பால் காட்டும் மனநிலை அறியாத மனிதரின்பாலும் தொடர்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1877-இல் கியூ தோட்டத்திலிருந்து 22 கித்தாக் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோவின் கோல கங்சார் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. பிரேசிலிலிருந்து வந்த அந்த அயல் மரத்தை அந்நாளில் தோட்ட முதலாளிகள் பொருட்படுத்தவில்லை. அவர்களுடைய நாட்டம் காப்பியில் இருந்தது. அம்மரமே பின்னர் இந்நாட்டின் செல்வமாயிற்று. அதனை நம்பித் தமிழகத்திலிருந்து மக்கள் கப்பலேறினர். அயல் மரத்தின் அடியில் அயல் மக்கள்! பின்னாளில் தோட்டம் மூடப்பட்டு அவர்கள் நகரை ஒட்டிக் குடியேறியபோது, “அந்தப் பிள்ளைகளோடு சேராதே” என்று தம் பிள்ளைகளைத் தடுத்த வீடுகளும் இருந்தன. அதுவும் அறியாமல் சொன்ன “நஞ்சு” என்னும் சொல்லே. இன்று அதே மக்களின் பேரப்பிள்ளைகள், புதிதாக வந்து குடியேறும் வேறு அயலாரைக் கண்டு அதே சொல்லைச் சொல்லாதிருக்க வேண்டும். அயலார் அனைவரும் நல்லவர் என்று சொல்லத் தேவையில்லை. அது பறவை உண்ட கனியைத் தானும் உண்பது போன்றது. அறியாமல் நல்லவர் என்பதும் அறியாமல் தீயவர் என்பதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

வடிகால் ஓர மரத்தடியில், சிறுவனின் கேள்வி இன்னும் விடையின்றி நின்றது. தந்தை சிறிது நேரம் தயங்கினார். பிறகு மகனின் அருகில் சென்று குனிந்து, “தம்பி, இது என்ன மரம் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே நஞ்சு என்று சொல்லிவிட்டேன். அந்த மரத்தைப் பற்றியும் எனக்குத் தெரியாது. பாட்டியைக் கேட்போம்” என்றார்.

பாட்டி தெருவின் மறு ஓரத்தைக் கூர்ந்து பார்த்தார். முன்பு கனிந்திருந்த முகம் இறுகியது. “அதைத் தொடாதே ஐயா. அது பொங் பொங். அதன் கொட்டையைத் தின்றால் உயிர் போய்விடும். அது மெய்யாகவே நஞ்சு” என்றார்.

சிறுவன் பாட்டியின் முகத்தைப் பார்த்தான். தந்தையின் முகத்தையும் பார்த்தான். பின்னர் தன் கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு, முதல் நாள் எவருக்கும் தெரியாமல் எடுத்து வைத்திருந்த ஒரு பச்சைக் காயை வெளியே எடுத்துத் தந்தையின் கையில் கொடுத்தான்.